தலைப்பெழுத்தோடு ஒரு பெயர்

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் எங்கள் தாயாரின் மார்பிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சிறு திசுத்துண்டைப் பற்றிய அறிக்கை நம் கைக்கு வந்தது. மூன்று பக்கங்கள். முதல் இரண்டு பக்கங்களில் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் 'ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்' என்று இரண்டு வரிகள் இருந்தன. 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. மருத்துவமனைகளில் அந்தச் சொல்லுக்கு நல்ல பொருள் கிடையாது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். மருத்துவர் அடுத்த நோயாளியை அழைக்கும் மணியில் ஒரு கையை வைத்துக்கொண்டே, "இது நல்லதுதாம்மா, மாத்திரைக்குக் கேட்கும்" என்றார். அவ்வளவுதான். நன்னூலுக்கும் தொல்காப்பியத்துக்கும் உரை சொல்லிச் சம்பளம் வாங்கும் நமக்கு, தாயின் உயிரைப் பற்றிய இரண்டு எழுத்துகளுக்கு உரை தெரியவில்லை.

அறுவை முடிந்து தாயார் கண்விழித்த வாரத்தில்தான் கஜா புயல் வந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் கொல்லையில் நின்ற பதினொரு தென்னைகளும் வேரோடு சாய்ந்தன. அந்தச் செய்தியை அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று நானும் தம்பியும் வராந்தாவில் நின்று குசுகுசுத்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "என்னைச் சேத்துப் பன்னெண்டு. நான் நிக்கிறேன்ல" என்றார்.

அந்த இரண்டு எழுத்துகளில் இரண்டாவதற்கு உரை கிடைக்க நமக்கு இரண்டாண்டுகள் ஆயின. அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கான வேட்புமனுவை ஏற்றுப் பேசிய கமலா ஹாரிஸ் தம் உற்றார் உறவினரைக் குறிப்பிடும்போது 'சித்தி' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழுலகம் ஒரு வாரம் துள்ளிக் குதித்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் துள்ளல் இன்னும் கூடுதல். மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீக ஊர். ஊரெங்கும் பதாகை, கோயிலில் அபிஷேகம், வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு. தொலைக்காட்சி வண்டிகள் வாய்க்கால் கரையில் வரிசைகட்டி நின்றன. நாமும் போய்ப் பார்த்தோம். பதாகையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தார். தாயின் படம் நம் கண்ணில் படவில்லை. 'அம்மா யார்?' என்று பக்கத்தில் நின்ற இளைஞரைக் கேட்டோம். "அவங்க அம்மா நம்ம ஊருங்க. அமெரிக்காவுல செட்டில் ஆனவங்க" என்றார்.

இந்தப் பதிலில் பாதி உண்மைகூட இல்லை. ஷ்யாமளா 1938இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் பி.வி. கோபாலன் நடுவணரசுப் பணியில் இருந்ததால் ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பம். பூர்வீக ஊர் என்பது பல தமிழ்க் குடும்பங்களுக்கு இருப்பதுபோல் அவர்களுக்கும் பேச்சில் இருந்த ஊர். அதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் 'அமெரிக்காவில் செட்டில் ஆனவர்' என்ற மூன்று சொற்களுக்குள் ஒரு விஞ்ஞானி காணாமற்போன விதம் நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரிக்கு வந்ததும் விலங்கியல் துறைத் தோழியிடம் சொன்னோம். அவர் கணிப்பொறியில் எதையோ தட்டிவிட்டு, "இவங்க பேரு இங்க எப்படி இருக்கு பாருங்க" என்று திரையைத் திருப்பினார்.

'ஷ்யாமளா, ஜி.' என்றிருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைவிடச் சுவையான செய்தி அகப்படாது. நம் வழக்கப்படி 'ஜி.' என்பது கோபாலன், அதாவது தந்தை. ஷ்யாமளா என்பது அவருடைய பெயர். அமெரிக்க ஆய்விதழ்களின் அட்டவணைக்கோ குடும்பப்பெயர் முன்னால் வரவேண்டும். 'ஜி. ஷ்யாமளா' என்று கையெழுத்திட்ட பெண்ணை அந்த அட்டவணை 'ஷ்யாமளா' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவராகப் பதிந்துகொண்டது. தந்தை பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. தன் பெயரே தனக்குக் குலப்பெயர். பட்டப்படிப்புச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தும் குடும்ப அட்டையில் கணவரின் தலைப்பெழுத்துமாக இரண்டு பெண்களாக வாழ்ந்து, இரண்டும் ஒருத்திதான் என்று ஓர் அலுவலகத்தில் மூன்று முறை உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்த நமக்கு, அந்தத் திரையைப் பார்த்தபோது சற்றே பொறாமையாகக்கூட இருந்தது.

அன்று தொடங்கிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். மகள் 2019இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் தாயைப் பற்றிய பக்கங்கள் பல உண்டு. தம்பி பாலச்சந்திரன் செய்தித்தாள்களுக்குச் சொன்ன நினைவுகள் உண்டு. இவற்றையெல்லாம்விட, தோழி பொறுமையாக விளக்கிச் சொன்ன ஆய்வுக் கட்டுரைகள்.

நால்வரில் மூத்தவர் ஷ்யாமளா. இளமையில் கர்நாடக இசை பாடிப் பரிசு பெற்றவர். தில்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்தார். மனையியல் என்றால் அன்றும் இன்றும் ஒரு சிரிப்பு உண்டல்லவா? சமைக்கவும் தைக்கவும் ஒரு பட்டமா என்று. வீட்டிலேயே தந்தையும் தம்பியும் அவரைக் கேலி செய்வார்களாம். அந்த மனையியல் பட்டத்தோடு, பத்தொன்பதாம் வயதில், வீட்டில் எவருக்கும் சொல்லாமல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு விண்ணப்பம் போட்டார். இடம் கிடைத்துவிட்டது. ஊட்டச்சத்தும் நாளமில்லாச் சுரப்பியியலும் படிக்க. அமெரிக்காவில் அவருக்கு ஒரு முகம் தெரியாது. 1960ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவிலிருந்து குடியேறியோர் அந்தப் பெரிய நாடு முழுவதிலுமாகச் சேர்த்துச் சுமார் 12,000 பேர்தான். இந்தியருக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற குடியேற்ற வரம்பு 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. மாணவியாகப் போகலாம், படித்துவிட்டுத் திரும்பலாம் என்பதே ஏற்பாடு.

கோபாலன் மறுக்கவில்லை. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்திருந்த பணத்திலிருந்து முதலாண்டுச் செலவைக் கொடுத்து 1958இல் மகளை அனுப்பிவைத்தார்.

கடல்வழிப் பயணம் பெண்ணொடு கூடியதன்று என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் விதி வகுக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காரணங்கள் சொல்வார்கள். வகுப்பில் நாமும் சொல்லியிருக்கிறோம், மாணவியர் முகத்தைப் பார்க்காமல். சங்க அகப்பாடல்களில் மகள் வீட்டைவிட்டுப் போவதுண்டு. தலைவனோடு பாலைநிலம் கடந்து போவாள். பின்னால் நின்று தாய் புலம்புவாள். 'மகட்போக்கிய தாய்' என்று அதற்கொரு துறையே உண்டு. அவள் ஆடிய பந்தைப் பார்த்தும் வளர்த்த கிளியைப் பார்த்தும் அழும் தாய்மார்கள் நம் இலக்கியத்தில் எத்தனை பேர்! போகிறவள் தலைவன் பின்னால்தான் போகிறாள். ஒரு விண்ணப்பப் படிவத்தின் பின்னால் போனவளுக்குத் துறை வகுக்கப்படவில்லை. 'மகட்போக்கிய தந்தை' என்றும் ஒரு துறை இல்லை.

கோபாலன் வசதியுள்ள வீட்டு மனிதர், ஆங்கிலமும் அதிகாரமும் கைவந்த சாதியில் பிறந்த அதிகாரி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே 1958இல் எத்தனை தந்தையருக்கு ஓய்வூதியச் சேமிப்பு என்ற ஒன்று இருந்தது? ஆயினும் அதே வசதி இருந்த எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் நகையாகவும் பந்தலாகவும் போயிற்று. ஷ்யாமளாவின் தாயார் ராஜம் உயர்நிலைப்பள்ளி வாசல் மிதிக்காதவர். கணவன்மாரிடம் அடிபட்ட பெண்களைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்களைக் கூப்பிட்டு மிரட்டிய துணிச்சல்காரி என்று பேத்தி எழுதுகிறார். மகள் புறப்பட்டபோது ராஜம் அழுதாரா, தெரியாது. அழுதிருப்பார் என்றே தோன்றுகிறது.

பெர்க்லியில் அது கொந்தளிப்பான காலம். கறுப்பின மாணவர்கள் கூடிப் படித்து விவாதித்த ஒரு வட்டத்தில் சேலை கட்டிய இந்த இந்தியப் பெண்ணும் போய் உட்கார்ந்தார். 1962இல் அங்கே உரையாற்ற வந்த ஜமைக்கா நாட்டுப் பொருளியல் மாணவர் டொனால்டு ஹாரிஸைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு திருமணம். படித்துவிட்டுத் திரும்புவது என்ற ஏற்பாடு அத்தோடு முடிந்தது. வெவ்வேறு நிறத்தவர் மணந்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 1967 வரை உயிரோடு இருந்தன. கலிஃபோர்னியாவில் 1948லேயே அது செல்லாதென்று தீர்ப்பாகியிருந்ததால் இவர்கள் தப்பினார்கள்.

1964இல் முனைவர் பட்டம். அதே ஆண்டு அக்டோபரில் மூத்த மகள் கமலா. 1967இல் இளையவள் மாயா. இரண்டு பேறுகளின்போதும் கடைசி நாழிகை வரை வேலையிலிருந்தவர். ஒருமுறை ஆய்வகத்திலும் மறுமுறை அடுக்களையில் ஆப்பிள் பண்டம் செய்துகொண்டிருக்கும்போதும் பனிக்குடம் உடைந்ததாம். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் தோழி, "இதுல எது ஆய்வகம், எது அடுக்களைன்னு பிரிச்சிருக்கவே முடியாது" என்றார். அவரும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே முனைவர் பட்டம் வாங்கியவர்.

இனி அந்த இரண்டாவது எழுத்துக்கு வருவோம். அறிவியலறியாத நாம் தோழியிடம் கேட்டு விளங்கிக்கொண்டதைத் தமிழறிந்தவருக்குச் சொல்கிறோம்; பிழையிருந்தால் நம்முடையது.

ஹார்மோன் என்பது குருதியோடு உடம்பெங்கும் ஓடுகிறது. ஆனால் எல்லா உயிரணுவும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஊர்முழுக்கத் தண்டோரா போட்டாலும் தன் பெயர் சொல்லப்பட்ட வீட்டுக்காரன்தான் எழுந்து வெளியே வருவான். அப்படி எழுந்துவர உயிரணுவுக்குள் ஒரு புரதம் இருக்க வேண்டும். ஏற்பி என்று தமிழில் சொல்கிறார்கள். அந்த ஏற்பி ஹார்மோனைப் பற்றிக்கொண்டு உட்கருவில் செயல்பட்டு, மரபணுக்களை ஏவுகிறது. வளர், பெருகு, பால் சுர என்று. ஈஸ்ட்ரோஜனுக்கு ஓர் ஏற்பி, புரோஜெஸ்டிரோனுக்கு ஓர் ஏற்பி. மார்பகப் புற்றின் அணுக்களில் இந்த ஏற்பிகள் இருந்தால், அந்தப் புற்று உடம்பின் சொந்த ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று பொருள். அப்படியானால் அந்த உணவை நிறுத்த மாத்திரை உண்டு. ஈ.ஆர்., பி.ஆர். என்பவை அந்த இரண்டு ஏற்பிகள். 'மாத்திரைக்குக் கேட்கும்' என்று மருத்துவர் சொன்னதன் முழுப் பொருள் இதுதான்.

ஷ்யாமளாவின் முனைவர் பட்ட ஆய்வு கோதுமை மாவிலுள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது பற்றியது. மனையியலின் வாசனை இன்னும் போகவில்லை பாருங்கள். அதன்பின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜாக் கார்ஸ்கி என்ற அறிஞரோடு சேர்ந்து ஏற்பிகளின் பக்கம் திரும்பினார். 1969இல் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை, எலியின் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உயிரணுவின் புறப்பகுதியிலும் உட்கருவிலும் எவ்வாறு தொடர்புற்றிருக்கிறது என்பதைப் பற்றியது. மாயாவுக்கு அப்போது இரண்டு வயது. ஏற்பி வெளியே காத்திருந்து, ஹார்மோன் வந்ததும் உட்கருவுக்குள் நுழைகிறது என்ற அக்காலக் கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் துணை நின்றன. பின்னர் 1984இல் கார்ஸ்கியின் குழுவினரே அந்தக் கருத்தைத் திருத்தி, ஹார்மோன் வருமுன்பே ஏற்பி பெரிதும் உட்கருவில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். தாம் நிறுவியதைத் தாமே மறுக்க நம் துறையில் எத்தனை பேருக்கு மனம் வரும் என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் விடுகிறோம்.

1972இல் பால் சுரக்கும் காலத்துச் சுண்டெலியின் மார்பகத் திசு ஈஸ்ட்ரோஜனோடு எப்படி வினைபுரிகிறது என்ற கட்டுரை. பிறகு வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் இதே திசுதான். புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஏ, பி என இரு வடிவங்களில் உண்டு. அவற்றிடையே இயற்கையாக உள்ள விகிதத்தைக் குலைத்தால் மார்பகம் பிறழ்ந்து வளர்கிறது என்று மரபணு மாற்றிய சுண்டெலிகளில் அவர் குழு 1998இல் காட்டியது. அப்போது அவருக்கு அறுபது வயது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணி.

எங்கள் தாயார் உண்ட மாத்திரையை ஷ்யாமளா கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சோதனையும் அவருடையதன்று. ஏற்பி என்ற ஒன்றைப் பல நாடுகளில் பல பேர் நாற்பது ஐம்பது ஆண்டுகள் துளைத்துத் துளைத்துப் பார்த்ததில் அவர் ஒருவர், அவ்வளவே. ஒரு பெரிய உரைமரபில் சில அருஞ்சொற்களுக்குப் பொருள் கண்டவரைப்போல. அறிக்கையின் மூன்றாம் பக்கத்து இரண்டு வரிகளுக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும், அவர்களில் ஒருத்தி நம்மூர்ப் பெயரில் தலைப்பெழுத்தோடு நிற்கிறாள் என்பதுமே நமக்கு வியப்பு.

மணவாழ்க்கை நிலைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மணமுறிவு. இரண்டு பெண் குழந்தைகளோடு பெர்க்லியில் பேன்கிராஃப்ட் தெருவில் ஒரு மாடிக் குடியிருப்பு. தம் பிள்ளைகளை இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று உணர்ந்து, அதற்கேற்ற தன்னம்பிக்கையோடு அவர்களை வளர்த்தார். கோயிலுக்கும் போனார்கள், தேவாலயத்துக்கும் போனார்கள். வீட்டில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாட்டு ஒலித்தது. இட்லியும் உண்டு. இதற்காக அவரைப் பழிக்கும் தமிழர்களை நாம் சந்தித்திருக்கிறோம். 'தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லையே' என்பார்கள். பகலெல்லாம் ஆய்வகத்திலிருந்து இரவு இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒருத்தியிடம் கணக்குக் கேட்பது எளிது. கமலா தேவி, மாயா லட்சுமி என்று பெயர் வைத்தது அவர்தான். சித்தியை ஆன்ட்டி ஆக்காமல் விட்டதும் அவர்தான்.

அவர் ஆய்வகத்தில் நேரம் கடந்து நிற்கும் நாட்களில் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண்மணி வீட்டில் இருந்தார்கள். ஷ்யாமளா வரத் தாமதமானால் அங்கேயே உண்டு உறங்கினார்கள். 2021 ஜனவரி 20ஆம் நாள் கமலா துணை அதிபராக உறுதிமொழி ஏற்றபோது கைவைத்த விவிலியங்களில் ஒன்று அந்த ஷெல்டன் அம்மையாருடையது. அதைப் பார்த்தபோது நமக்குச் செவிலித்தாய் நினைவு வந்தது. சங்கப் பாடல்களில் நற்றாயைவிடச் செவிலிதான் அதிகம் பேசுவாள். நற்றாய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நாம் கேட்டதில்லை. ஷ்யாமளா என்ற நற்றாய் சுண்டெலியின் திசுவைப் பகுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளையும் சில நாள் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவார். சோதனைக் குழாய்களைக் கழுவும் வேலை. மூத்த மகளுக்குக் கை நயம் போதாதென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். அமெரிக்கத் துணை அதிபரை முதன்முதலில் பணிநீக்கம் செய்தவர் என்ற பெருமையும் அவருக்கே. பிறகு மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது கனடாவின் மான்ட்ரியாலுக்குப் பெயர்ந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலும் அங்குள்ள யூதப் பொது மருத்துவமனையில் ஆய்வும். வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் பனியில், பிரெஞ்சு மொழிப் பள்ளியில். முதல் வீட்டைச் சொந்தமாக வாங்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் சேமித்தார் என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் பேச்சிலும் நம் மண் ஒட்டியிருந்திருக்கிறது. பிள்ளைகள் ஏதும் அறியாததுபோல் நடந்தால், தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டீர்களா என்று கேட்பாராம். 2023இல் மகள் இதை மேடையில் சொல்லச் சில பேருக்குச் சிரிப்பு, சில பேருக்குக் குழப்பம். 'வானத்துலேருந்து குதிச்சியா?' என்று நம் வீடுகளில் கேட்பதன் சாயல் இதில் இருக்கிறதோ என்பது நம் ஊகம். எங்கள் தாயாரிடம் சொன்னபோது, "தென்னை மரத்துலேருந்து விழுந்தா இடுப்புல்ல போயிடும்" என்றார். கஜாவில் விழுந்த பதினொன்றை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

ஷ்யாமளாவின் கதையைத் தாயாரிடம் துண்டுதுண்டாகச் சொல்லிவந்தோம். மாலையில் மாத்திரை கொடுக்கும்போது ஒரு துண்டு. ஐந்தாண்டு மாத்திரை, தொடர்கதைக்கு நேரம் நிறைய இருந்தது. கேட்டுக்கொள்வார், கேள்வி கேட்கமாட்டார். ஒருநாள் 1964இல் அவர் முனைவர் பட்டம் வாங்கியதைச் சொன்னோம். தாயார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வருஷந்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணேன்" என்றார்.

இது நமக்குத் தெரிந்ததுதான். மன்னார்குடியில் பெண்கள் பள்ளியில் அறிவியலில் அவர்தான் முதல் என்பதும் தெரியும். திருச்சிக்கு அனுப்பிப் புகுமுக வகுப்பில் சேர்க்கலாம் என்று தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து சொன்னதும், தாத்தா மோர் கொடுத்து அனுப்பிவைத்ததும் குடும்பத்தில் வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுவது. அந்த ஆண்டு நல்ல விளைச்சல். நெல் விற்ற பணத்தில் தாத்தா வீட்டின் முன்கட்டை இடித்துக் கட்டினார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் நாம் எழுதப் படிக்கக் கற்றோம். தாத்தா கொடியவரல்லர். பேத்திகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். பெண்பிள்ளையை ரயிலேற்றி அனுப்பினால் என்ன ஆகுமோ என்று பயந்தவர், அவ்வளவுதான்.

தாயார் வெகுநேரம் கழித்து, நாம் எழுந்துபோக இருந்த சமயத்தில், "அவங்கப்பா அனுப்பினார்" என்றார்.

அந்த மூன்று நாட்களும் நமக்கு வகுப்பெடுக்க வரவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு பாடமாக இருந்தது. தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன் என்று கடமைகளை அடுக்கும் அந்தப் பாட்டு பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெற்று வளர்ப்பது தாயின் கடன். சான்றோனாக்குவது தந்தையின் கடன், மகனை. மகளைப் பற்றி அந்தப் பாட்டில் பேச்சில்லை. இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அம்மா, அப்போ பொண்ணுக்குக் கடன்பட்டவங்க யாரும்மா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஷ்யாமளாவை 'தியாகத் தாய்' என்று எழுதுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நல்ல தாய் என்பதில் ஐயமில்லை. இரு மகள்களும் சட்டம் பயின்று உயர்ந்தார்கள். ஆனால் எதையும் தியாகம் செய்ததாக அவர் நினைத்தாரா என்பதற்கு நாம் படித்தவற்றில் சான்று இல்லை. அவர் தம் வாழ்வின் இரு நோக்கங்கள் மகள்களை வளர்ப்பதும் மார்பகப் புற்றை ஒழிப்பதும் என்று கொண்டிருந்ததாக மகள் எழுதுகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவரிடம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது நியாயமாகப் படவில்லை.

மார்பகத்தை ஆய்ந்தவருக்குப் புற்று பெருங்குடலில் வந்தது. மருத்துவமனையிலிருந்த காலத்தில், அரசியல் செய்தியில் அத்தனை ஆர்வமுள்ளவர், தொலைக்காட்சிப் பக்கம் முகம் திருப்பாமலானார். கடைசி நாட்களில் தம்மைக் கவனித்துக்கொண்ட செவிலியிடம் அவர் கேட்ட இறுதிக் கேள்வி, தம் மகள்கள் நன்றாக இருப்பார்களா என்பது. 2009 பிப்ரவரி 11ஆம் நாள் காலமானார். வயது எழுபது. மலர்கள் வேண்டாம், மார்பகப் புற்றுக்கெதிராக இயங்கும் ஓர் அமைப்புக்கு நன்கொடை அளியுங்கள் என்று இரங்கல் அறிவிப்பில் கேட்டிருந்தார்கள். மகள் அக்டோபரில் பதினாறு வயதுப் பிள்ளையல்ல, மாவட்ட அரசு வழக்குரைஞர். ஆயினும் அந்தச் சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, பாட்டனார் வாழ்ந்த பெசன்ட் நகர்க் கடற்கரையில், மாமாவோடு நின்று வங்கக் கடலில் கரைத்தார்.

2024 நவம்பரில் அதிபர் தேர்தலில் மகள் தோற்றார். துளசேந்திரபுரம் வழியாக அந்த வாரம் பேருந்தில் போனோம். பதாகை இல்லை. கம்புகள் மட்டும் நின்றன. ஒரு கம்பில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

2025 ஜனவரியில் தாயாரை ஆண்டுச் சோதனைக்காகச் சென்னைக்கு அழைத்துப்போனோம். எல்லாம் நலம், மாத்திரையும் முன்பே நிறுத்தியாயிற்று, அடுத்த ஆண்டு வந்தால் போதும் என்றார்கள். ரயிலுக்கு நேரமிருந்தது. பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகலாமா என்று தாயாரே கேட்டார். நாம் சொல்லித்தான் இடம் அவருக்குத் தெரியும். நினைவில் வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

மணலில் நடக்கச் சிரமப்பட்டார். அலை வரும் இடத்தில் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பையிலிருந்து மருத்துவக் கோப்பு எட்டிப்பார்த்தது. நனைந்துவிடும் என்று நாம் வாங்கி வைத்துக்கொண்டோம்.

"இங்கதானா?"

"இங்கதாம்மா. எந்த இடம்னு சரியாத் தெரியாது."

"தண்ணிக்கு என்ன இடம்" என்றார். பிறகு, "அவங்க பேருக்கு முன்னாடி என்ன எழுத்து சொன்னே?"

"ஜி."

"எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல ஆர்." என்றார். தாத்தாவின் பெயர் ராமையன். குடும்ப அட்டையிலும், வாக்காளர் அடையாள அட்டையிலும், நம் கையிலிருந்த மருத்துவக் கோப்பிலும் அந்த எழுத்து எங்கும் இல்லை. ஓர் அலை வந்து அவர் கணுக்காலை நனைத்துவிட்டுப் போயிற்று. ரயிலுக்கு நேரமாகிறது என்று நாம்தான் சொன்னோம். இன்னும் கொஞ்சநேரம் நிற்கலாம் என்றார்.